கடல் பார்த்து ஒட்டிய கேஜ்

தாரிணி தன் பையிலிருந்து ஒரு பழைய டீ-சர்ட்டை எடுத்து மேசையில் விரித்தாள். ஏதோ ஓட்டப் பந்தயத்தில் கொடுத்தது. முதுகில் இருந்த எழுத்தெல்லாம் துவைத்துத் துவைத்து உரிந்து போயிருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இருக்கும் மாடி அறை அது. சனிக்கிழமை காலைகளில் நாங்கள் நான்கு பேர் தாரிணியிடம் பாடம் படிக்க அங்கே கூடுவோம். நால்வரும் வேலைக்குப் போகிறவர்கள். நால்வரும் பகுதி நேரப் பட்டப்படிப்பில் ஒரே பாடத்தில் தோற்றவர்கள். கீழேயிருந்து மல்லிகை வாசமும் பக்கத்துக் கடையில் வடை பொரியும் வாசமும் ஒன்றாக ஏறி வரும். மூக்குக்குக் கல்யாண வீடு, மூளைக்கு இழவு வீடு.

தாரிணி மார்க்கரால் துணியில் ஒரு சதுரம் வரைந்தாள், துணியின் ஓரத்துக்கு நேராக. பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு சதுரம், ஆனால் சாய்த்து.

“அக்கா, நீங்க இந்தப் பக்கம் பிடிங்க. அண்ணே, நீங்க அந்தப் பக்கம். இப்போ இழுங்க.”

நானும், பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் அந்த அண்ணனும் இழுத்தோம். நேராக இருந்த சதுரம் நீளமானது. அதன் நான்கு மூலைகளும் செங்கோணமாகவே இருந்தன. சாய்ந்திருந்த சதுரமோ மூலையெல்லாம் கோணி, பார்க்கவே சகிக்கவில்லை.

“ஒரே துணி, ஒரே இழுப்பு. நேர் சதுரத்தைக் கேட்டா, ‘நான் நீண்டுட்டேன், ஆனா கோணல’ன்னு சொல்லும். சாஞ்ச சதுரத்தைக் கேட்டா, ‘ஐயோ, நான் கோணிட்டேன்’னு சொல்லும். இதுல எது பொய் சொல்லுது?”

அந்த அண்ணன் சாய்ந்த சதுரத்தைத் தாடையால் காட்டினார்.

“ரெண்டும் பொய் சொல்லல லா,” என்றாள் தாரிணி, எங்கள் ஊர் ‘லா’வோடு.

என் கையிலிருந்த துணி நழுவி, அந்த அண்ணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, ஒரு மனிதர் பொய் சொல்கிறார் என்று பதினோரு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன்.

இந்த வாரம் என் முறை

இந்தத் தொடரில் இதுவரை முதலாளியைக் குறை சொல்லியிருக்கிறேன், கொம்யூட்டர் ரயிலைக் குறை சொல்லியிருக்கிறேன், காஜாங்கில் என்னோடு குடியிருக்கும் சொந்தத் தங்கையைக்கூட விட்டுவைக்கவில்லை. வாசகர்கள் சிரித்ததாக எழுதியிருந்தார்கள். ஒரு வாசகி மட்டும், “நீங்கள் தப்பே செய்ததில்லையா?” என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. அவருக்காகத்தான் இந்த வாரம்.

எங்கள் கம்பெனி சின்னது. கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் ராட்சத கிரேன்களின் இரும்பு இன்னும் உறுதியாக இருக்கிறதா என்று பரிசோதித்துச் சொல்வது வேலை. ஆபீஸ் பெட்டாலிங் ஜெயாவில். நான் அங்கே உட்கார்ந்து அறிக்கைகளைச் சரிபார்ப்பவள். என் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கிரேனில் ஏறுகிறவர் சேகரன். பண்டமாரானில் வீடு. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஒன்பது வருஷமாக என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அதிகம் பேச மாட்டார். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு ஒரு டின் தவறாமல் என் மேசைக்கு வரும்.

அவர் வேலை இதுதான். கிரேனின் இரும்பில் ஓர் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று தேய்த்து, தபால்தலை அளவுள்ள கேஜ் ஒன்றை ஒட்டுவார். அதிலிருந்து வயர் கீழே ஒரு பெட்டிக்குப் போகும். கிரேன் ஒரு குறிப்பிட்ட எடையைத் தூக்கும்போது இரும்பு மயிரிழையளவு நீளும். அந்த நீட்டத்திலிருந்து இரும்புக்குள் இருக்கும் விசையைப் பெட்டி மூன்று எண்ணாகக் காட்டும். எங்கள் பெட்டி பழசு. திரையில் பார்த்துக் கையால்தான் படிவத்தில் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் கேஜை உரித்துவிட்டு, கடல் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க அந்த இடத்தில் பெயிண்ட் அடித்துவிட்டு இறங்குவார்.

கையால் எழுதுவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரியும். ஏறாமலும் எழுதலாம்.

ஒத்துப்போகாத எண்கள்

அந்த வாரம் அவர் எண் எடுத்தது கிரேனின் இரண்டு கால்களுக்கு நடுவே சாய்வாக ஓடும் ஓர் இரும்புத் தாங்கியில். போன வருஷம் அதே இடத்தில், அதே எடையைத் தூக்கி, எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் எண் எடுத்திருந்தார். அப்போது வந்தது இது: தாங்கியின் நீளவாக்கில் இழுவிசை 90. குறுக்குவாக்கில் 10. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின்மேல் வழுக்கப் பார்க்கும் விசை, பூஜ்யம்.

சேகரன் கொண்டுவந்தது: 71, 29, 34.

நீளவாக்கில் இருந்தது குறைந்திருக்கிறது. குறுக்குவாக்கில் இருந்தது மூன்று மடங்காகியிருக்கிறது. பூஜ்யமாக இருந்த இடத்தில் 34 முளைத்திருக்கிறது. ஒரே வருஷத்தில் இரும்பு இப்படிக் குணம் மாறுமா? மாறாது. அப்படியானால் யாரோ கதை விடுகிறார்கள்.

அவர் ஏறியதாகச் சொன்ன நாளின் பிற்பகலில் துறைமுகத்தில் இடியும் மழையுமாக இருந்ததும் எனக்குத் தெரியும். அதற்கு முந்திய வருஷம் வேறோர் ஆள், மழைக்குப் பயந்து ஏறாமலே எண் எழுதிக் கையும் களவுமாகப் பிடிபட்டார். சூடு கண்ட பூனை நான். உடனே போனை எடுத்தேன்.

“சேகரன், ஏறினீங்களா இல்லையா?”

“ஏறினேன் அக்கா.”

“மழை பெஞ்சுச்சே?”

“மழை ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு. நான் ஒரு மணிக்கே எறங்கிட்டேன்.”

“ஒட்டின கேஜுக்கு போட்டோ எங்க?”

“போனு நனைஞ்சு போச்சு அக்கா. கடையில குடுத்திருக்கேன்.”

நனைந்த போன்! பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைவிட நல்ல சாக்குச் சொல்லும் என்று நினைத்தேன். அவரோடு ஏறியவர் ஓர் ஒப்பந்த ஆள். மறுநாளே வேறு வேலைக்காக ஜொகூர் போய்விட்டார். அவருக்கு யாரும் போன் போடவில்லை. நானும் போடவில்லை.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், முதலாளியிலிருந்து துறைமுக அதிகாரிகள் வரை பதினோரு பேருக்கு அந்த மின்னஞ்சலை எழுதினேன். ‘இந்த எண்கள் கிரேனில் எடுத்தவை அல்ல என்பது என் முடிவு’ என்று ஒரு வாக்கியம். அதை எழுதும்போது ஒரு திருப்தி இருந்ததை இன்றைக்கு மறைக்க மாட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

அன்று மாலையே சேகரனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. பொய் எண் எழுதினார் என்று முடிவானால் வேலை மட்டும் போகாது, துறைமுகத்துக்குள் நுழையும் அட்டையும் போய்விடும். அட்டை போனால் துறைமுகத்தில் எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்க முடியாது. பண்டமாரானில் இருக்கும் ஒரு மனிதருக்குத் துறைமுகம் இல்லையென்றால் வேறு என்ன வேலை இருக்கிறது?

டென்சருக்கும் எனக்கும் ஆகாது

சற்று விலகி, என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்து நான்கு வயதில் பொறியியல் பட்டம் எடுக்கக் கிளம்பிய கதையை முன்பே எழுதியிருக்கிறேன். எல்லாப் பாடத்தையும் எப்படியோ தாண்டினேன். டென்சர் வந்த இடத்தில் இரண்டு முறை கோட்டை விட்டேன். முதல் தேர்வில், ‘டென்சர் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு, ‘எண்களைக் கட்டம் கட்டமாக எழுதுவது’ என்று பதில் எழுதி முட்டை வாங்கினேன்.

பிறகுதான் தாரிணியிடம் போய்ச் சேர்ந்தேன். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். மேற்படிப்பு படித்துக்கொண்டே வகுப்பு எடுக்கிறாள். ‘மிஸ்’ என்று கூப்பிட்டுப் பார்த்தோம், கூச்சப்பட்டாள். அவளுடைய குடும்பத்தில் எல்லாரும் டாக்டர், வக்கீல், அரசாங்க அதிகாரி. “நான் மட்டும்தான் டீ-சர்ட் இழுக்கிறேன்” என்று சிரிப்பாள்.

முதல் வகுப்பில் அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“வெளிய எவ்வளவு சூடுன்னு கேட்டா ஒரே நம்பர். முப்பத்து மூணு. முடிஞ்சுது. காத்து எப்படின்னு கேட்டா, எவ்வளவு வேகம்னு சொல்லணும், எந்தப் பக்கம்னும் சொல்லணும். அதுக்கு ஓர் அம்புக்குறி போதும். ஆனா இந்த இரும்புக்குள்ள எவ்வளவு இழுக்குதுன்னு கேட்டா, இரும்பு உங்களையே திருப்பிக் கேக்கும்: ‘நீ எந்தப் பக்கம் பார்த்துக் கேக்கிற?’ன்னு. நீங்க ஒரு திசையைச் சொன்னாத்தான் அது பதில் சொல்லும். வேற திசையைச் சொன்னா வேற பதில். எல்லாத் திசைக்கும் பதில் வச்சிருக்குல்ல, அந்த முழு விஷயம்தான் டென்சர். கட்டத்துல இருக்கிற நம்பர் டென்சர் இல்ல. நீங்க நின்ன எடத்துலேர்ந்து அது எப்படித் தெரியுதோ, அதான் அந்த நம்பர்.”

“அப்போ பஸ் டைம்டேபிள் டென்சர் இல்லையா?” என்று அந்த அண்ணன் கேட்டார்.

“நீங்க தலையைச் சாச்சுப் பார்த்தா பஸ் வேற நேரத்துக்கு வருமா அண்ணே?”

சிரித்தோம். ஆனால் மண்டையில் ஏறியதா என்றால், இல்லை. அப்போது எனக்கு அது வெறும் பேச்சு. நான் பார்த்துப் பழகிய எண்ணெல்லாம் சரி அல்லது தப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது.

லாவுட், டாராட்

இன்னொரு சின்ன விஷயம். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் இடது, வலது என்று சொல்லவே மாட்டார்கள்.

கிரேன் ஓட்டுகிறவர் ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார், கீழே லோரி இன்னொரு பக்கம் பார்த்து நிற்கும். ஒருவருடைய இடது இன்னொருவருக்கு வலது. அதை நம்பி ஒரு கண்டெய்னரை இறக்கினால் யார் தலையிலாவது விழும். அதனால் அங்கே இரண்டே திசைகள். கடல் பக்கம் லாவுட், கரைப் பக்கம் டாராட். மலாய்க்காரர், தமிழர், வங்காளதேசத்திலிருந்து வந்தவர், எல்லாருக்கும் இதே பேச்சு. ஆள் திரும்பலாம், லோரி திரும்பலாம், கடல் திரும்பாது.

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வரும். ஒருமுறை சேகரனிடம் சாப்பாட்டுக் கடைக்கு வழி கேட்டேன். “கேட் தாண்டி லாவுட் பக்கம் நாலாவது கடை அக்கா” என்றார். பெட்டாலிங் ஜெயாக்காரி நான், கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அரை மணி நேரம் சுற்றினேன். அதை வைத்து அவரைப் பல நாள் கேலி செய்திருக்கிறேன்.

ஆறும் இரண்டும்

மாடி அறைக்கே திரும்புவோம். டீ-சர்ட்டை மடித்து வைத்துவிட்டு, தாரிணி வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் போட்டாள்.

“நீளவாக்குல 6, குறுக்குவாக்குல 2, வழுக்குறது பூஜ்யம். இப்போ கேஜை மட்டும் நாப்பத்தஞ்சு டிகிரி திருப்பி ஒட்டறேன். இரும்பைத் தொடல.” சரசரவென்று கணக்குப் போட்டாள். “4, 4, 2. எல்லா நம்பரும் மாறிடுச்சு. பயப்படாதீங்க. மொத ரெண்டையும் கூட்டுங்க.”

ஆறும் இரண்டும் எட்டு. நான்கும் நான்கும் எட்டு.

“இப்போ அந்த ரெண்டையும் பெருக்கி, வழுக்குற நம்பரை அதாலேயே பெருக்கிக் கழிங்க.”

ஆறிரண்டு பன்னிரண்டு, கழிக்க ஒன்றுமில்லை. நான்கு நான்கு பதினாறு, அதில் நான்கு போகப் பன்னிரண்டு.

“கேஜை எப்படி வேணும்னாலும் திருப்புங்க. இந்த எட்டும் பன்னிரண்டும் மாறவே மாறாது. ஏன்னா இது ரெண்டும் நீங்க நின்ன எடத்தோட நம்பர் இல்ல, இரும்போட நம்பர்.”

என் நோட்டின் ஓரத்தில் எழுதினேன். தொண்ணூறும் பத்தும் நூறு. எழுபத்தொன்றும் இருபத்தொன்பதும்...

நூறு.

பேனாவைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். போனில் பெருக்கினேன். தொண்ணூறு பத்து, தொள்ளாயிரம். எழுபத்தொன்றை இருபத்தொன்பதால் பெருக்கினால் 2059. முப்பத்து நான்கு முப்பத்து நான்கு 1156. கழித்தால் 903.

தொள்ளாயிரத்துக்கும் தொள்ளாயிரத்து மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கேஜிலும் வரும். இரண்டும் ஒரே இரும்பு.

“அக்கா, உடம்பு சரியில்லையா?” என்று தாரிணி கேட்டாள்.

“இந்தக் கணக்குத் தெரியாத ஒருத்தர், மேசையில உக்காந்து நம்பரை இட்டுக்கட்டினா, ரெண்டும் இப்படிப் பொருந்துமா?”

“ஒண்ணு அதிர்ஷ்டத்துல பொருந்தலாம். ரெண்டுமா? வாய்ப்பே இல்ல.”

கொம்யூட்டர் ரயிலில் காஜாங் திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். தொண்ணூறு, பத்து, பூஜ்யம் என்பது எழுபத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்து நான்காகத் தெரிய வேண்டுமானால், கேஜை இருபத்தொன்பது டிகிரி திருப்பி ஒட்டியிருக்க வேண்டும். ஏன் இருபத்தொன்பது? யாராவது கணக்குப் பார்த்தா இருபத்தொன்பது திருப்புவார்கள்?

சுங்கை பீசி தாண்டியபோது கடலின் ஞாபகம் வந்தது. திரும்பாத கடல்.

ஏறியது நான்

ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகத்துக்குப் போனேன். அந்தக் கிரேனைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். பாதுகாப்புப் பணியாளரான ஒரு மலாய்க்காரத் தம்பி என் அட்டையைப் பார்த்தார், என் காலணியைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

“நாயிக் கே, காக்?” ஏறப் போகிறீர்களா என்று நம்ப முடியாமல் கேட்டார்.

பதினோரு வருஷமாக நான் இந்தக் கிரேன்களின் அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு கிரேனில்கூட ஏறியதில்லை. அடுத்தவர் ஏறினாரா என்று கேட்பது என் வேலை என்றே நினைத்திருந்தேன்.

படிகள் கம்பி வலை போல. கால் வைத்தால் கீழே தரை தெரியும். இருபது படிக்கு ஒருமுறை நின்று முருகனைக் கூப்பிட்டேன். கைப்பிடியில் உப்பும் கிரீஸும் பிசுபிசுத்தன. காற்று ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தது. முன்னால் ஏறிய தம்பி திரும்பிப் பார்த்துப் பார்த்து நின்றார்.

சாய்ந்த தாங்கி காலோடு சேரும் இடத்தில் ஒரு மேடை இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் சாம்பல் நிற இரும்பு. அதில் உள்ளங்கை அளவில் புது பெயிண்ட், ஒரு சதுரம். பெயிண்ட் அடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, பக்கத்தில் இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது.

தாங்கி சாய்ந்து போகிறது. சதுரம் அதோடு சாயவில்லை. மட்டமாக, நேராகக் கடலைப் பார்த்து இருந்தது.

என் போனில் மட்டம் பார்க்கும் வசதி உண்டு. சதுரத்தின் கீழ் விளிம்பில் வைத்தேன். பூஜ்யம் காட்டியது. பிறகு தாங்கியின் விளிம்போடு சேர்த்து வைத்தேன். இருபத்தொன்பது.

அந்த மேடையில், அந்தத் தம்பி பார்க்கும்படியாகவே, நான் அழுதேன். அவர் உயரத்துக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பண்டமாரான்

அங்கிருந்து நேராகச் சேகரன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும், “உள்ள வாங்க” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். தேநீர் வந்தது.

சேகரன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“கேஜை எப்படி ஒட்டினீங்க?” என்றேன்.

“எப்பவும் ஒட்டற மாதிரிதான் மேடம். மட்டம் வச்சு, லாவுட் பார்த்து.”

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ‘மேடம்’ என்றார்.

எப்போதும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறார். நிற்கும் காலிலும் படுத்த உத்தரத்திலும் இரும்பின் வாக்கும் கடலின் வாக்கும் ஒத்துப்போகும், அதனால் இத்தனை வருஷம் ஒரு வில்லங்கமும் வரவில்லை. சாய்ந்த தாங்கியில் அவர் எண் எடுத்தது இதுதான் முதல் தடவை. போன வருஷம் எடுத்தவர் தாங்கியின் சாய்வோடேயே ஒட்டியிருந்தார். எந்தப் பக்கம் பார்த்து ஒட்டினீர்கள் என்று கேட்கும் இடம் படிவத்தில் இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான்.

“இதை ஏன் நீங்க போன்ல சொல்லல?” அந்த நேரத்திலும் என் வாய் அப்படித்தான் கேட்டது. என் குணம் அது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எப்படி ஒட்டினேன்னு நீங்க கேக்கல. ஏறினீங்களா இல்லையான்னு கேட்டீங்க. ஏறினேன்னு சொன்னேன். நம்பல.”

தேநீர் ஆறிப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்டேன், அந்த வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் கிரேனில் ஏறியது எவ்வளவோ மேல் என்று ஆகிவிட்டது.

அவர் மனைவிதான் பேசினார். “அந்த இமெயில் எத்தனை பேருக்குப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியும். எங்க தம்பி வேலை செய்யற எடத்துல இருந்தே போன் வந்துச்சு. பண்டமாரான் பூரா தெரியும். நீங்க இங்க வந்து எங்க காதுல மட்டும் சொன்னா எப்படி?”

“நாளைக்கு மீட்டிங்குல சொல்லுவேன்.”

“மீட்டிங் வேற. எழுத்துல போனது எழுத்துலதான் வரணும்,” என்றார் சேகரன். “அதே பதினோரு பேருக்கு. என் பேரு போட்டு.”

திங்கட்கிழமை பத்து மணி

எங்கள் முதலாளி நல்லவர், ஆனால் அவசரக்காரர். “ரெண்டு ரிப்போர்ட்டும் எப்படி, கலா, சரியா இருக்கும்? ஒண்ணு சரின்னா இன்னொண்ணு தப்பு, முடிஞ்சுது லா” என்றார். வியாழக்கிழமை நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

நான் என் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். அதில் ஞாயிறு மாலையே பேனாவால் இரண்டு சதுரங்கள் வரைந்து வைத்திருந்தேன். கைக்குட்டை டீ-சர்ட் மாதிரி நீளவில்லை. பாதியில் கிழிந்தது. சேகரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை அடக்கவோ வேறு எதற்கோ தெரியவில்லை.

கடைசியில் முதலாளியிடம் கால்குலேட்டரைக் கொடுத்து அவரையே கூட்ட வைத்தேன், அவரையே பெருக்க வைத்தேன். நூறு, நூறு. தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து மூன்று. பிறகு கிரேனில் எடுத்த இரண்டு போட்டோக்களைக் காட்டினேன்.

“பாஸ், ஏறாம உக்காந்து எழுதினவருக்கு இந்தக் கணக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்கே சனிக்கிழமைதான் தெரியும். அவர் ஏறினாரு. நல்ல வேலைதான் செஞ்சிருக்காரு. தப்பு என்னோடது.”

முதலாளி இரண்டாம் முறையும் பெருக்கிப் பார்த்தார். பிறகு, “நீ ஏறினியா?” என்று என்னைக் கேட்டார். அதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை போலிருக்கிறது.

மதியம், மறுபடியும் சாப்பாட்டுக்குப் போகாமல், பதினோரு பேருக்கும் எழுதினேன். சேகரன் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, நான் அனுப்பும் பொத்தானை அழுத்தும் வரை ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். பதினொன்றும் சரியாக இருந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பிறகு

படிவத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: ‘கேஜ் எந்தப் பக்கம் பார்த்து ஒட்டப்பட்டது?’ பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட இடம். மூன்றாம் முறை எழுதிய தேர்விலும் அதே கேள்வி வந்தது, டென்சர் என்றால் என்ன என்று. இரண்டு கட்டம் போட்டு, நூறையும் தொள்ளாயிரத்தையும் எழுதி, ‘ஒரே இரும்பு, இருவர் பார்த்தது’ என்று முடித்தேன். பாஸாகிவிட்டேன். தாரிணி வடை வாங்கிக் கொடுத்தாள்.

சேகரன் வேலைக்குத் திரும்பினார். அட்டை அவரிடமே இருக்கிறது. ஆனால் ‘மேடம்’ போகவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு முறுக்கு டின் ஆபீஸுக்கு வந்தது, பொதுமேசைக்கு. என் மேசைக்கு வரவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

அடுத்த வருஷம் ஒரு நாள், வேறொரு கிரேனிலிருந்து அவர் கொண்டுவந்த எண் எனக்கு இடித்தது. கூட்டிப் பார்த்தேன், பெருக்கிப் பார்த்தேன், முந்தைய வருஷத்து எண்ணோடு இரண்டும் பொருந்தவில்லை. ஆபீஸில் ஆறேழு பேர் இருந்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

“சேகரன், இந்த நம்பர் எனக்குச் சரியாப் படலயே.”

அவர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஏறிப் பாத்தீங்களா அக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் மேசைக்குப் போய் ஹெல்மெட்டை எடுத்தேன்.